மோன்ஸாவில் கைமாறிய 3 புள்ளிகள்

2025 செப்டம்பர் 7, இத்தாலியின் மோன்ஸா. 53 சுற்று ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 46வது சுற்று. டயர் மாற்றுவதற்காக லாண்டோ நோரிஸின் மெக்லாரன் கார் பிட்டுக்குள் வந்து நிற்கிறது. முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் சரியாக மாட்டாமல் அடம்பிடிக்கிறது. இரண்டு, இரண்டரை வினாடியில் முடிய வேண்டிய வேலை 5.9 வினாடி இழுத்துவிட்டது. அதற்கு முந்தைய சுற்றில்தான் அதே இடத்தில் அவருடைய அணித்தோழர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 1.9 வினாடியில் டயர் மாற்றிக்கொண்டு போயிருந்தார். நோரிஸ் வெளியே வந்தபோது, அதுவரை பின்னால் ஓடிக்கொண்டிருந்த பியாஸ்ட்ரி அவருக்கு முன்னால் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பியாஸ்ட்ரிக்கு ரேடியோவில் கோரிக்கை வந்தது: இடத்தை நோரிஸிடம் திருப்பிக் கொடுத்துவிடு. பிட் ஸ்டாப் தாமதமாவதும் பந்தயத்தில் ஒரு பகுதிதான் என்று நாம் பேசி வைத்திருந்தோமே, இப்போது என்ன மாறியது என்று அவர் கேட்டார். வேண்டுமென்றால் செய்கிறேன் என்றும் சொன்னார். செய்தார். நோரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது. முன்னால் தனியாக ஓடி ஜெயித்துக்கொண்டிருந்த ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், பிட் ஸ்டாப் தாமதமானதற்காகவா இப்படி என்று ரேடியோவில் சிரித்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் கோபப்பட்டார்கள். பட்டப் போட்டியில் முதலிடத்தில் இருக்கிற ஓட்டுநரிடமிருந்து 3 புள்ளிகளைப் பிடுங்கி இரண்டாம் இடத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்பதுதான் அன்றைய கேள்வி.

அன்று யாருக்கும் தெரியாத ஒன்று இப்போது நமக்குத் தெரியும். டிசம்பர் 7ஆம் தேதி அபுதாபியில் பருவம் முடிந்தபோது நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. இரண்டே புள்ளிகளில் நோரிஸ் உலக சாம்பியன். மோன்ஸாவில் அந்த இடமாற்றம் நடக்காமல், மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் நோரிஸுக்கு 420தான். பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும்.

ஒரு பருவத்தில் 24 பந்தயங்கள் இருக்கும்போது எந்த 3 புள்ளியை வேண்டுமானாலும் பொறுக்கியெடுத்து, இதுதான் பட்டத்தைத் தீர்மானித்தது என்று சொல்லலாம். அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த 3 புள்ளிகள் வேறு ரகம். இவை ஓட்டத்தில் வந்தவை அல்ல. தடத்தை ஒட்டிய பிட் சுவரில் உட்கார்ந்து பந்தயத்தை நடத்தும் அணிக்காரர்கள் யோசித்து எடுத்த முடிவில் வந்தவை. ஒரு அணியில் இரண்டு பேருமே பட்டத்துக்கு ஓடும்போது, அவர்களுக்கிடையில் யார் முன்னால் என்பதை எந்த அளவுக்கு அணி தீர்மானிக்கிறது, ஏன் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள மோன்ஸாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினையின் வேர் ரொம்பச் சாதாரணமானது. ஒரு அணிக்குக் கார் இரண்டு, ஆனால் டயர் மாற்றும் இடம் ஒன்றுதான். டயர் மாற்றுகிற ஆட்களும் ஒரே குழுதான். இரண்டு கார்களும் நெருக்கமாக ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் ஒரே சுற்றில் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் இரண்டாவது கார் பின்னால் வரிசையில் நின்று வினாடிகளை இழக்கும். அதனால் ஒருவர் முதலில், மற்றவர் அடுத்த சுற்றில். இந்த ஒரு சுற்று வித்தியாசத்தில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது.

தேய்ந்த டயரில் ஓடுகிறவரைவிடப் புது டயரில் ஓடுகிறவர் வேகமாகப் போவார். சில தடங்களில் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடிக்கும் மேலே கிடைக்கும். ஆகவே முன்னால் போகிற காருக்கு ஒரு வினாடி பின்னால் இருக்கிற ஓட்டுநர் ஒரு சுற்று முந்திப் பிட்டுக்குள் போய்ப் புது டயரோடு வெளியே வந்தால், முன்னவர் தன் டயரை மாற்றிவிட்டு வரும்போது இவர் தாண்டிப் போயிருப்பார். தடத்தில் முந்தவே இல்லை; ஆனால் இடம் மாறிவிட்டது. இதற்குத்தான் அண்டர்கட் என்று பெயர். எதிரணிக்காரரிடம் இதைச் செய்தால் சாமர்த்தியம். சொந்த அணித்தோழரிடம் செய்தால் வீட்டுச் சண்டை.

அதனால் அணிகளுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. முன்னால் ஓடுகிறவருக்குத்தான் முதலில் பிட்டுக்குப் போகும் உரிமை. இது எல்லோருக்கும் புரிகிற நியாயம்தான். பிறகு ஏன் மெக்லாரன் மோன்ஸாவில் பின்னால் இருந்த பியாஸ்ட்ரியை முதலில் கூப்பிட்டது?

மூன்றாவது கார் ஒன்று இருந்தது. பியாஸ்ட்ரிக்குப் பின்னால் ஃபெராரியின் ஷார்ல் லெக்லேர். முதலில் நோரிஸைக் கூப்பிட்டுவிட்டு பியாஸ்ட்ரியை ஒரு சுற்று வெளியே விட்டால், ஏற்கெனவே டயர் மாற்றிவிட்ட லெக்லேர், பியாஸ்ட்ரி பிட்டிலிருந்து வெளியே வருவதற்குள் முன்னால் போய்விடலாம். அணியின் பார்வையில் இரண்டு காரையும் பாதுகாக்க நல்ல வழி, பின்னால் இருப்பவரை முதலில் கூப்பிடுவது. நோரிஸிடம் கேட்டார்கள். அவன் என்னை அண்டர்கட் செய்ய மாட்டான் என்றால் அவனே முதலில் போகட்டும், இல்லையென்றால் நான் போகிறேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அண்டர்கட் இருக்காது என்று அணி வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் சக்கரம் மாட்டவில்லை.

இப்போது பியாஸ்ட்ரி கேட்ட கேள்வியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. தாமதமான பிட் ஸ்டாப் அதிர்ஷ்டத்தின் கணக்கு. அதற்கு யாரும் யாருக்கும் கடன்படவில்லை. பியாஸ்ட்ரி சொன்னது சரி. ஆனால் நோரிஸ் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை அணிதான் காப்பாற்ற வேண்டும். அணியின் தலைவர் ஆண்ட்ரியா ஸ்டெல்லாவும் பந்தயத்துக்குப் பிறகு பேசும்போது, தாமதத்தை மட்டும் வைத்து அல்ல, பிட்டுக்கு அழைத்த வரிசையையும் சேர்த்துத்தான் முடிவெடுத்தோம் என்ற வகையில்தான் விளக்கினார். என் மனசுக்கு அந்த விளக்கம் சரியாகவே படுகிறது. வாக்குக் கொடுத்து ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, பிறகு சக்கரத்தின் மேல் பழியைப் போட்டுக் கைகழுவியிருந்தால், அடுத்த முறை எந்த ஓட்டுநரும் காத்திருக்கச் சம்மதிக்க மாட்டார்.

இந்த நாடகத்தின் முதல் காட்சி 14 மாதங்களுக்கு முன்பே ஹங்கேரியில் நடந்துவிட்டது. 2024 ஜூலை 21, ஹங்கரோரிங். நோரிஸ் போல் பொசிஷனில், அதாவது தொடக்க வரிசையின் முதல் இடத்தில், தொடங்கினார்; முதல் வளைவிலேயே பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். பந்தயம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. இரண்டாவது பிட் ஸ்டாப்பின்போது, ஏற்கெனவே டயர் மாற்றிவிட்ட மெர்சிடிஸின் லூயிஸ் ஹாமில்டன் பின்னாலிருந்து நெருங்கிவிடக் கூடாது என்று நோரிஸை 45வது சுற்றில் கூப்பிட்டார்கள். பியாஸ்ட்ரி வந்தது 47வது சுற்றில். அண்டர்கட் தன் வேலையைக் காட்டியது. நோரிஸ் முன்னால் வந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததை நேரலையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபது சுற்றுக்கு மேல் நோரிஸ் முன்னாலேயே ஓடினார். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார். ரேடியோவில் அவரோடு பேசும் ரேஸ் இன்ஜினியர் வில் ஜோசப் கெஞ்சாத குறைதான். ஞாயிறு காலைக் கூட்டங்களை நினைத்துப் பார் என்றார். சாம்பியன் பட்டத்தைத் தனியாளாக ஜெயிக்க முடியாது, உனக்கு ஆஸ்கர் வேண்டும், அணி வேண்டும் என்றார். நோரிஸுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வெர்ஸ்டாப்பனைத் துரத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். 84 புள்ளி பின்தங்கியிருந்த நிலையில் ஒவ்வொரு புள்ளியும் தங்கம். 70 சுற்றுப் பந்தயத்தில் 68வது சுற்றில் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் ஃபார்முலா 1 வெற்றி. மேடையில் இரண்டு பேர் முகத்திலும் முழுச் சிரிப்பு இல்லை. முதல் வெற்றியை இப்படி வாங்க வேண்டியிருந்த அந்த இளைஞனைப் பார்த்து எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மோன்ஸா 2025இல் திரும்பி வந்தது ஹங்கரோரிங் 2024இன் கடன்தான். அன்று நோரிஸ் கொடுத்தார், இன்று பியாஸ்ட்ரி கொடுத்தார். இரண்டு முறையும் காரணம் ஒன்றே: மூன்றாவது காருக்குப் பயந்து, பின்னால் இருந்தவரை அணி முதலில் கூப்பிட்டது. ஒருமுறை திருப்பிக் கொடுக்க வைத்த அணி, மறுமுறை முடியாது என்று சொல்ல வழியில்லை.

மெக்லாரன் ஏன் இப்படித் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்பவர்கள் 2007ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அணியில் இரண்டு முறை சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோ. பக்கத்தில் முதல் பருவம் ஆடும் லூயிஸ் ஹாமில்டன். ரான் டென்னிஸ் தலைமையில் இருவரும் சமம் என்பதுதான் அன்றும் கொள்கை. ஆகஸ்ட் மாதம் அதே ஹங்கரோரிங்கில், தகுதிச் சுற்றின்போது அணி சொன்னபடி ஹாமில்டன் அலோன்சோவுக்கு வழிவிடவில்லை. அதற்குப் பதிலாக, டயர் மாற்றி முடித்த பிறகும் அலோன்சோ பிட் இடத்தைவிட்டு நகராமல் நின்றார். பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்று ஓட நேரம் இல்லாமல் போனது. டயர் மாற்றும் இடம் ஒன்றுதான் என்று மேலே சொன்னேனே, அது ஆயுதமாகவே மாறிய நாள் அது. அலோன்சோவுக்குத் தொடக்க வரிசையில் 5 இடம் பின்னால் தள்ளும் தண்டனை. அந்தப் பந்தயத்தில் அணிக்கான புள்ளிகளும் மெக்லாரனுக்குக் கிடையாது.

அதைவிடப் பெரிய அடி அக்டோபரில் ஷாங்காயில். ஹாமில்டன் அலோன்சோவைவிட 12 புள்ளியும், ஃபெராரியின் கிமி ரைக்கோனனைவிட 17 புள்ளியும் முன்னால் இருந்தார். ஒரு வெற்றிக்கு 10 புள்ளி என்றிருந்த காலம்; இரண்டே பந்தயங்கள் மிச்சம். ரைக்கோனன் முன்னால் போனால் போகட்டும் என்று விட்டிருந்தாலே போதும். ஆனால் ஹாமில்டனின் டயர் உள்துணி தெரியும் அளவுக்குத் தேய்ந்தும் அவரை வெளியிலேயே வைத்திருந்தார்கள். கடைசியில் பிட்டுக்குள் வரும்போது அந்த நுழைவு வளைவிலேயே வழுக்கி ஜல்லியில் மாட்டிக்கொண்டார். நாங்கள் கிமியோடு போட்டி போடவில்லை, அடிப்படையில் ஃபெர்னாண்டோவோடுதான் போட்டி போட்டோம் என்று பிறகு டென்னிஸ் சொன்னார். வீட்டுக்குள் இருந்த போட்டி, பிட் சுவரின் கண்ணை வெளியே பார்க்கவிடாமல் செய்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் கிடைக்காது. பருவ முடிவில் ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109. ஒரே புள்ளியில் இருவருமே தோற்றார்கள்.

அந்த 2007இல் ஆண்ட்ரியா ஸ்டெல்லா எங்கே இருந்தார் தெரியுமா? ஃபெராரியில், ரைக்கோனனின் காரில் வேலை செய்துகொண்டிருந்தார். மெக்லாரன்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதன் பலனை எதிர்ப்பக்கத்தில் இருந்து வாங்கிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். 2010இல், ஃபெராரிக்கு வந்துவிட்ட அலோன்சோவின் ரேஸ் இன்ஜினியராகவும் இருந்தார். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் அணித்தோழர் ஃபெலிப்பே மாஸாவிடம், அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்று ரேடியோவில் சங்கேதமாகச் சொல்லி வெற்றியை வாங்கிக்கொண்டது அந்த ஆண்டுதான். 2002இல் ஆஸ்திரியாவில் ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவைக் கடைசி நேர்கோட்டில் அணித்தோழர் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிடச் சொன்ன அவமானத்துக்குப் பிறகு, முடிவை மாற்றும் அணி உத்தரவுகளுக்குத் தடை இருந்தது. அதனால் ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. தடையைச் செயல்படுத்துவது நடக்காத காரியம் என்று தெரிந்து 2011இலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்த மனிதர்தான் இன்று மெக்லாரனில் தராசைப் பிடித்திருக்கிறார்.

பியாஸ்ட்ரியின் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய மேலாளர் மார்க் வெபர். 2010 சில்வர்ஸ்டோனில் தன் காரிலிருந்த புதிய முன் இறக்கையைக் கழற்றி அணித்தோழர் செபாஸ்டியன் வெட்டலுக்குக் கொடுத்த ரெட் புல் அணியில் ஓட்டியவர். அந்தப் பந்தயத்தை ஜெயித்துவிட்டு, இரண்டாம் நம்பர் ஓட்டுநருக்கு இது பரவாயில்லை என்று ரேடியோவில் சொன்னவர். 2013 மலேசியாவில் கடைசிப் பிட் ஸ்டாப்புக்குப் பிறகு வரிசை மாறக் கூடாது என்று இருவருக்கும் உத்தரவு இருந்தும், வெட்டல் அதை மீறி அவரை முந்தி வெற்றியை எடுத்துக்கொண்டார். ‘மல்ட்டி 21’ என்ற அந்தச் சங்கேத உத்தரவு இன்றைக்கும் பேசப்படுகிறது. வெபரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் பியாஸ்ட்ரி மோன்ஸாவில் வழிவிட்டார் என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ரேடியோவில் அன்று அவரோடு பேசிய இன்ஜினியர் டாம் ஸ்டாலர்டும் கவனிக்கத்தக்கவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகில் வெள்ளி வாங்கியவர். எட்டில் ஒருவராக இருந்து பதக்கம் வாங்கிய ஒரு மனிதர், தனியாளாகப் பட்டம் தேடும் ஒருவரிடம் அந்தக் கோரிக்கையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சரி, மாற்று வழி என்ன? ரெட் புல் பாணி. அங்கே கேள்வியே கிடையாது, எல்லாம் வெர்ஸ்டாப்பனுக்கு. 2025இல் அணியின் 451 புள்ளிகளில் 421 அவருடையது. அபுதாபியில் அவருடைய அணித்தோழர் யூகி சுனோடா, நோரிஸை எப்படியாவது தடுத்து வைக்கப் பார்த்து 5 வினாடித் தண்டனை வாங்கினார். இது ஓட்டுநர் பட்டத்துக்கு நல்ல வழி. ஆனால் பரிசுப் பணம் அணிகளுக்கான பட்டியலைப் பார்த்துத்தான் பிரிகிறது. அதில் மெக்லாரன் 833 புள்ளியோடு முதலிடம், ரெட் புல் மூன்றாமிடம். அந்தப் பாணியில் இன்னொரு விலையும் இருக்கிறது. 2022 பிரேசிலில் ஆறாம் இடத்தை அணித்தோழர் செர்ஜியோ பெரெஸுக்குக் கொடு என்று கேட்டபோது வெர்ஸ்டாப்பன் மறுத்தார்; அவர் அப்போது ஏற்கெனவே சாம்பியன். ஒரு கையால் வாங்கியே பழகிய இடத்தில், திருப்பிக் கொடு என்று யாரும் சொல்ல முடியாது. பெரெஸ் அந்த ஆண்டு 3 புள்ளியில் பட்டியலின் இரண்டாம் இடத்தை இழந்தார்.

மெக்லாரனின் வழியும் இலவசம் இல்லை. நவம்பர் 30, கத்தார். டயர் பாதுகாப்புக்காக ஒரு டயரில் அதிகபட்சம் 25 சுற்று என்று கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். பந்தயம் 57 சுற்று. 7வது சுற்றில், எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது; அப்போது பிட்டுக்குப் போனால் இழப்பு குறைவு. 7, 25, 25 கூட்டினால் சரியாக 57. முன்னணியில் இருந்த மற்ற எல்லோரும் பிட்டுக்குள் ஓடினார்கள். மெக்லாரன் மட்டும் இரண்டு காரையும் வெளியிலேயே விட்டது. முன்னால் இருந்த பியாஸ்ட்ரி கையில் இருந்த வெற்றி நழுவி இரண்டாமிடம், நோரிஸ் நான்காமிடம், ஜெயித்தது வெர்ஸ்டாப்பன். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஸ்டெல்லா ஒப்புக்கொண்டார். இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருந்தால் பின்னால் நின்ற நோரிஸ் சில வினாடி இழந்திருப்பார் என்பதும் உண்மை. சமமாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் அந்த முடிவில் எவ்வளவு கனத்தது என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் ஒரே காரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருந்த அணிக்கு அன்று பதில் சுலபமாக இருந்தது. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் பியாஸ்ட்ரி இழந்தது, மோன்ஸாவில் கொடுத்ததைவிட அதிகம்.

ஆக, கடைசிப் பந்தயத்துக்கு நோரிஸ் 408, வெர்ஸ்டாப்பன் 396, பியாஸ்ட்ரி 392 என்று வந்து நின்றார்கள். அபுதாபியில் ஹார்டு டயரில் தொடங்கிய பியாஸ்ட்ரி முதல் சுற்றிலேயே வெளிப்பக்கமாகப் போய் நோரிஸை முந்தினார். கடைசி வரை வெர்ஸ்டாப்பன், பியாஸ்ட்ரி, நோரிஸ் என்ற வரிசைதான். மூன்றாமிடமே நோரிஸுக்குப் போதும் என்பதால் அணி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மோன்ஸாவில் அந்த 3 புள்ளி கைமாறாமல் இருந்திருந்தால் நோரிஸ் அபுதாபிக்கு 405 புள்ளியோடு வந்திருப்பார். மூன்றாமிடம் போதாது, ஒரு புள்ளியில் பட்டம் போயிருக்கும். இரண்டாமிடம் வேண்டியிருந்திருக்கும். இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது பியாஸ்ட்ரி. செப்டம்பரில் கேட்ட அதே கோரிக்கையை, அதே ரேடியோவில், உலக சாம்பியன் பட்டத்துக்காக அவரிடம் டிசம்பரில் கேட்க வேண்டி வந்திருக்கும்.